லித்தியம் சாப்பிடுறீங்களா? பிபி மாத்திரையில் உஷார்!

கிருஷ்ணகிரி: மனநோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்கள், பிபிக்கு எந்த மாத்திரை தந்தாலும் அப்படியே வாங்கி விழுங்கிவிடக் கூடாது. சில பிபி மாத்திரைகள் லித்தியத்தை ரத்தத்தில் விஷமாக ஏற்றிவிடும்.

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5ம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கிய பிறகு பிபி, சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. நல்ல விஷயம்தான். ஆனால் மனநோய் மாத்திரையை பலர் பக்கத்து வீட்டுக்குக்கூட தெரியாமல் பீரோவில் ஒளித்து வைத்து சாப்பிடுகிறார்கள். பிபி பார்க்க வரும் நர்சிடமும் சொல்வதில்லை. வில்லங்கம் இங்கேதான்.

அளவுக்கு மீறிய உற்சாகம், பிறகு ஒரேயடியாக சோகம் என மாறி மாறி வரும் 'பைபோலார்' நோய்க்கு லித்தியம் தருகிறார்கள். 1949ல் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் வெளியிட்ட சிகிச்சை இது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து. 1.5ஐ தாண்டினால் ஆபத்து.

லித்தியமும் ஒரு உப்பு மாதிரிதான். ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற பிபி மாத்திரை, உடம்பில் உள்ள உப்பை சிறுநீரில் வெளியேற்றும். உப்பு குறைந்ததும் கிட்னி மிச்சத்தை இறுக்கிப் பிடிக்கிறது. அதோடு லித்தியமும் உள்ளேயே தங்கிவிடுகிறது. பல கூட்டு மாத்திரைகளின் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று போட்டிருப்பது இந்த மருந்துதான். எனலாபிரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் ஆகியவையும் லித்தியத்தை ஏற்றும். அம்லோடிபின் பொதுவாக அப்படி செய்வதில்லை.

'பிபி வந்துடுச்சு, இனிமே உப்பே கிடையாது' என்று வீட்டில் திடீரென சமையலை மாற்றினாலும் இதே கதைதான். மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோபினாக், வாந்தி பேதி, வெயிலில் வேர்த்துக் கொட்டுவது இதெல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கை நடுக்கம் அதிகமாகும். வாந்தி, பேதி, தள்ளாட்டம், நாக்கு குழறல், தூக்க கலக்கம் வரும். தண்ணி போட்டிருக்கான் என்று நினைத்து படுக்க வைத்துவிடக் கூடாது. வலிப்பு, கோமா வரை போகும். எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அப்படியானால் இரண்டையும் சேர்த்து சாப்பிடவே கூடாதா? சாப்பிடலாம். பிபி மாத்திரையை டாக்டர் பார்த்து மாற்றுவார், இல்லையென்றால் லித்தியம் அளவைக் குறைப்பார். சுமார் ஒரு வாரத்தில் ரத்த டெஸ்ட் எடுக்க வேண்டும். சில மாத்திரைகளின் வேலை மெதுவாகத்தான் தெரியும் என்பதால் அடுத்த சில வாரங்களிலும் டெஸ்ட் உண்டு. ராத்திரி 9 மணிக்கு லித்தியம் போட்டால் காலை 9 மணிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரை இருந்தால் அதற்குப் பிறகுதான்.

பயந்துபோய் லித்தியத்தை தானாக நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். சந்தேகம் இருந்தால் 104க்கு போன் போட்டுக் கேட்கலாம்.