எலிக்குப் போய் இப்படி அழலாமா?

வீட்டில் பசு செத்தால் தெருவே வந்து விசாரிக்கும். நாய் செத்தால் பக்கத்து வீட்டு அக்காவாவது இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்வார். கினிப்பன்றி செத்தால்? "எலிதானே பாப்பா, அப்பாகிட்ட சொல்லி வேற வாங்கிக்கலாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அழுதுகொண்டிருந்த பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. இதற்கெல்லாம் அழக்கூடாது போலிருக்கிறது என்று அது புரிந்துகொள்கிறது. பெரியவர்கள் நிலையும் இதேதான். கினிப்பன்றி செத்ததற்காக ஒருநாள் லீவு கேட்க எந்த அலுவலகத்தில் யாருக்குத் துணிச்சல் வரும்?

ஊர் ஏற்றுக்கொள்ளாத துயரத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-இல் ஒரு நூலே கொண்டுவந்தார். இழவு உண்டு, ஆனால் துக்கம் கேட்க ஆளில்லை. அதனால் அந்தத் துயரம் இன்னும் கனக்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம். நம்மிடம் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், எசமானன் மாண்ட இடத்தில் நின்று கள்வர்களைக் கடித்த நாய்க்கு நடுகல் உண்டு. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல் அது. 'கோவிவன்' என்ற நாயின் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கே கல் நட்டார்கள். சிவகங்கை மாவட்டம் மானாமதுரை அருகே ஒரு முதியவர் தன் லாப்ரடாருக்குப் பளிங்குச் சிலை வைத்துக் கோயில் கட்டியது 2022-இல் செய்தியானது. ஆனால் நாய் காவல் காக்கும், சேவல் சண்டை போடும். எதையும் காக்காத, யாரோடும் மோதாத, கீரைக்கட்டின் சரசரப்பு கேட்டதும் 'வீக் வீக்' என்று கத்த மட்டுமே தெரிந்த ஒரு உயிருக்கு யார் கல் நடுவார்கள்?

பழனி மலையடிவாரம் இந்தக் கேள்விக்குப் பழைய பதில் ஒன்றை வைத்திருக்கிறது. இன்றைய பழனிக்குச் சங்க காலத்தில் பொதினி என்று பெயர். இந்த மலைநாட்டை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகன், குளிரில் வாடுகிறதென்று மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்தவன். மயில் அதை உடுத்தாது, போர்த்திக்கொள்ளாது என்று தெரிந்தே கொடுத்தான் என்கிறார் பரணர். அவனை அவர் கேலி செய்யவில்லை. கணக்குப் பார்க்காத அந்தக் கொடையைப் புறநானூற்றில் பாடி வைத்தார். பயன் பார்த்துத்தான் ஒரு உயிரிடம் இரங்க வேண்டும் என்றில்லை, இந்த மலையில் அது ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே முடிந்த விஷயம்.

மேலே கொடைக்கானலில் கினிப்பன்றி வளர்ப்பவர்களும் முதலில் பார்க்க வேண்டியது குளிரைத்தான். ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஏரியைச் சுற்றிய தாழ்வான இடங்களில் உறைபனி விழும். கினிப்பன்றிக்கு இதமானது 18 முதல் 24 டிகிரி வரை. 'ஆண்டிஸ் மலைப் பிராணிதானே, தாங்கும்' என்று நினைப்பது இயல்பு. பெரு, எக்வடார் மலைக்கிராமங்களில் அதைக் கறிக்காகத்தான் வளர்க்கிறார்கள். அங்கேயும்கூட அது வளரும் இடம் பெரும்பாலும் கதகதப்பான அடுப்படிதான். வராந்தாவில் ஈரக்காற்று படும்படி கூண்டை வைத்தால் நுரையீரலில் சளி கட்டும்.

அடுத்தது தீனி. கேரட்டுக்குப் பஞ்சமில்லாத மலை இது. ஆனால் கேரட்டில் வைட்டமின் சி மிகக் குறைவு. நம்மைப் போலவே கினிப்பன்றியின் உடம்பும் அதைத் தானே தயாரித்துக்கொள்ளாது. 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் தானியம் மட்டுமே கொடுத்து வளர்த்த கினிப்பன்றிகளுக்கு அந்தச் சத்துக் குறைவால் ஸ்கர்வி நோய் வந்தது. மனிதனுக்கு வரும் ஸ்கர்வியின் காரணத்தை நாம் புரிந்துகொண்ட பாதையில் அது பெரிய திருப்பம். அந்த உயிர்களிடம் நாம் பட்ட கடன் அது. கொய்யாத் துண்டு, குடைமிளகாய், கொத்தமல்லி, எந்நேரமும் காய்ந்த புல் ஆகியவை போதும். புவிசார் குறியீடு பெற்ற நம் மலைப்பூண்டும், இங்கே விளையும் பட்டர் ஃப்ரூட்டும் அதற்கு ஆகவே ஆகாது.

இதையெல்லாம் செத்த பிறகு தெரிந்துகொள்கிறவர்கள்தான் அதிகம். "நான்தான் கொன்னுட்டேன்" என்று அவர்கள் அரற்றுவதும் அதனால்தான். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காட்டில் பிற மிருகங்களுக்கு இரையாகும் இனத்தைச் சேர்ந்தது இது. நோவை மறைப்பது அதன் பிறவிக்குணம். சுறுசுறுப்பு குறைந்து தீனியை ஒதுக்கும்போதுதான் நமக்குத் தெரியவரும். அதற்குள் பாதி காரியம் கெட்டிருக்கும், அரைநாள் பட்டினியே குடலை நிறுத்தப் போதுமானது. வாய்வழியாகக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் நமக்குச் சாதாரண மருந்து. கினிப்பன்றியின் குடலிலோ அது நல்ல கிருமிகளை அழித்து நச்சுக் கிருமியைப் பெருக்கி ஆளையே கொன்றுவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் ஆயுள் ஐந்திலிருந்து எட்டு வருடம். தெரியாமல் நடந்ததற்குக் குற்றவாளிக்கூண்டில் ஏற வேண்டியதில்லை.

பிள்ளைகளிடம் "தூங்குது" என்று சொல்லாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சாவு திரும்பி வராதது என்பதே பிடிபடாது. தூங்கினால் இப்படி ஆகிவிடுமோ என்று ராத்திரி படுக்கவே பயப்படும். "செத்துப்போச்சுடா கண்ணு, இனி வராது" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடலாம். அடக்கத்துக்குப் பிள்ளையையும் கூட்டிப்போங்கள். மலையில் ஆழமாகத் தோண்டுவது முக்கியம். காட்டுப்பன்றியும் தெருநாயும் மண்ணைக் கிளறிவிடும். மூன்றடி ஆழத்தில் புதைத்து மேலே கனமான கல் ஒன்றை வைத்துவிடலாம். அந்தக் கல்லில் பெயரைப் பிள்ளை சாக்பீஸால் எழுதட்டும். மழையில் அழிந்தால் மறுபடி எழுதும்.

இவ்வளவையும் செய்கிற வீட்டில்கூட ஒருவரை மறந்துவிடுகிறார்கள். கூண்டில் மிஞ்சிய இன்னொரு கினிப்பன்றி. இது கூட்டமாக வாழும் இனம். ஜோடி போனபின் சிலது மூலையில் ஒடுங்கும், தீனி குறைக்கும். சுவிட்சர்லாந்தில் 2008-இல் வந்த விதிப்படி இதைத் தனியாக வளர்க்கவே கூடாது. ஒன்று செத்து ஒன்று மிஞ்சினால் துணைக்கு வாடகைக்குக் கொடுப்பவர்கள்கூட அங்கே உண்டு. இங்கே அந்த வசதி இல்லை. புதைப்பதற்கு முன் சற்று நேரம் உடலை மோந்து பார்க்க விடலாம். பிறகு தீனி இறங்குகிறதா, எடை குறைகிறதா என்று தினமும் பாருங்கள். அதற்குத் துணை தேடினால் புதிதாக வருவதை இரண்டு மூன்று வாரம் வேறு அறையில் வைத்து, நோய் இல்லையென்று தெரிந்த பின் சேர்க்க வேண்டும். புதியதற்குப் பெயர் வைக்கும் பொறுப்பைப் பிள்ளையிடமே விடுங்கள், போனதன் பெயரை மட்டும் திரும்ப வைக்க வேண்டாம்.