பச்சரிசிக்குப் பதில் மல்லாட்டை

உலைக்கு அரிசி களையும்போது ஒரு பிடியை அப்படியே வாயில் போட்டு மெல்லுபவரா நீங்கள்? பச்சையாக அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்று பெரியவர்கள் மிரட்டுவார்கள். மருத்துவர்கள் கேட்பது வேறு: உடம்பில் ரத்தம் போதுமா?

அரிசி, பலப்பம், சாம்பல், மண் என்று நாக்கு தேடினால், அது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பச்சை அரிசி எளிதில் செரிக்காது. பல் எனாமலும் தேயும்.

வாய்க்கு வேண்டியது அந்த நறநறப்புதானே? அவலூர்பேட்டை, செஞ்சிப் பக்கம் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, பஞ்சமில்லை. வறுத்த மல்லாட்டையோடு பொட்டுக்கடலை கலந்து டப்பாவில் போட்டு, அரிசிப் பானைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். 100 கிராம் மல்லாட்டையில் சுமார் 25 கிராம் புரதம் உண்டு. எள்ளுருண்டையும் கம்பு உருண்டையும் இரும்புச்சத்து தரும். கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ கடித்தால் அந்தச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். டீயை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

தீனியை மாற்றினாலும் ரத்தசோகை தானாகத் தீராது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை இலவசம். கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு அளவு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாத்திரையை மருத்துவர் சொல்வார். கர்ப்பிணிகள் பச்சை அரிசி தின்னும் ஆசையைச் செவிலியரிடம் கூச்சமின்றிச் சொல்லிவிடுங்கள்.