கோபமா, ரத்தசோகையா? பெரியம்மாவின் தூங்காத இரவுகள் சொல்லும் பாடம்!

இரவு பத்து மணிக்கு வீடே அடங்கிவிடும். பெரியகுளத்தில் இருக்கும் என் பெரியம்மா மட்டும் கூடத்தில் நடந்துகொண்டிருப்பார். "காலு ரெண்டும் குடையுது பாப்பா. படுத்தா பூச்சி ஊர்ற மாதிரி இருக்கு, நடந்தாத்தான் தேவலாம்" என்பார். விடிந்ததும் எரிச்சல். டம்ளர் வைக்கிற சத்தத்துக்குக்கூட கோபம் வரும். வயது 47. "இந்த வயசுல எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான்" என்று வீட்டில் பேச்சை முடித்துவிட்டார்கள்.

வாட்ஸ்அப் சொன்ன வைத்தியம், வாழைப்பழம். அதில் செரட்டோனின் இருக்கிறதாம், சாப்பிட்டால் மனசு லேசாகித் தூக்கம் வருமாம். தேனி மாவட்டத்தில் வாழைப்பழத்துக்கா பஞ்சம்? ஒரு மாதம் விடாமல் சாப்பிட்டார். ராத்திரி நடை மட்டும் நிற்கவில்லை.

கடைசியில் ஒரு ரத்தப் பரிசோதனை விஷயத்தைச் சொன்னது. ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை.

வாழைப்பழம் ஏன் கைகொடுக்கவில்லை?

வாழைப்பழத்தில் செரட்டோனின் இருப்பது உண்மை. ஆனால், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. சாப்பாட்டில் வரும் செரட்டோனின் அதைத் தாண்டாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்ள வேண்டும். அதற்கான மூலப்பொருள் டிரிப்டோபேன். பால், முட்டை, பருப்பு, நிலக்கடலை ஆகியவற்றில் இருக்கும் புரதத்திலிருந்து இது கிடைக்கிறது. பகலில் மூளையில் செரட்டோனினாக மாறும் இதே பொருள்தான், இருட்டிய பிறகு தூக்கத்துக்கு நேரம் குறிக்கும் மெலட்டோனினாகவும் மாறுகிறது.

மூலப்பொருள் இருந்தால் மட்டும் போதாது. செரட்டோனினையும் டோபமைனையும் தயாரிக்கும் என்ஸைம்கள் வேலை செய்ய இரும்புச்சத்து வேண்டும். அது குறைந்தால் களைப்பு, எரிச்சல், கவனமின்மை எல்லாம் எட்டிப்பார்க்கும். ராத்திரியில் கால் குடைந்து, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுவதற்கு 'ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம்' என்று பெயர். இரும்புக் குறைபாடு அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று.

ஹார்மோன் எங்கே வருகிறது?

மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் கருமுட்டை மாதாமாதம் ஒழுங்காக வெளிவராது. அப்போது புரோஜெஸ்டிரோன் சுரப்பது குறையும். மூளையை அமைதிப்படுத்துவதிலும் இந்த ஹார்மோனுக்குப் பங்கு உண்டு. அது குறைந்து ஈஸ்ட்ரோஜென் மட்டும் வேலை செய்யும்போது கருப்பையின் உள்சுவர் தடித்து, ரத்தப்போக்கு அதிகமாகும். தைராய்டு குறைந்தாலும் அப்படி ஆகலாம்.

பெரியம்மாவுக்கும் ஒரு வருடமாக அப்படித்தான் இருந்திருக்கிறது. "அதையெல்லாம் போய் யாருகிட்ட சொல்றது?" என்று மறைத்துவிட்டார். ஹார்மோன் மாறியது, ரத்தம் போனது, இரும்பு குறைந்தது, தூக்கம் கெட்டது. வீட்டுக்குத் தெரிந்தது கடைசியில் வந்த கோபம் மட்டும்தான்.

வாசலில் முருங்கை, கையில் டீ

பல ஊர்களில் பயிராகும் 'பி.கே.எம்.1' செடிமுருங்கையின் சொந்த ஊர் பெரியகுளம். இங்குள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம் அது. பெயரிலேயே ஊர் இருக்கிறது. ஆனால், தேசிய குடும்ப நல ஆய்வு-5 (2019-21) சொல்வது என்ன தெரியுமா? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல்!

கீரையில் இருக்கும் இரும்பை உடல் அவ்வளவு சுலபத்தில் எடுத்துக்கொள்ளாது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்ற வைட்டமின் சி உள்ளவை துணைக்கு வந்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ அதைத் தடுத்துவிடும். பெரியம்மா ஒரு நாளைக்கு ஐந்து டீ. அதில் ஒன்று மதியச் சாப்பாடு முடிந்ததும், இன்னொன்று ராத்திரி சீரியலோடு. அந்த ராத்திரி டீயில் உள்ள கஃபைன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். மாலைக்கு மேல் வேண்டவே வேண்டாம்.
* முருங்கைக்கீரைப் பொரியலில் இறக்கும்போது எலுமிச்சை பிழியுங்கள். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஈரல், மீன் நல்லது.
* தொடர்ந்து களைப்பு, தூக்கமின்மை, எரிச்சல் இருந்தால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.
* ஹீமோகுளோபின் நன்றாகக் குறைந்துவிட்டால் கீரை மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். அதையும் டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள்.
* அதிக ரத்தப்போக்கையும், மாதவிடாய் நின்ற பிறகு வரும் ரத்தப்போக்கையும் மறைக்காதீர்கள்.
* பரிசோதனையில் எல்லாம் சரி, மனசு மட்டும் சரியில்லை என்றால், அதுவும் சிகிச்சை உள்ள பிரச்னைதான். டெலி மானஸ் இலவச உதவி எண்: 14416.

மூன்று மாத மாத்திரைக்குப் பிறகு பெரியம்மாவின் ராத்திரி நடை நின்றுவிட்டது. போன வாரம் போன் செய்தேன். பெரியப்பாதான் எடுத்தார். "உங்க பெரியம்மா ஒன்பதரைக்கே தூங்கிட்டா பாப்பா. காலையில பேசு" என்றார்.

உங்கள் வீட்டிலும் யாராவது காரணமில்லாமல் கோபப்படுகிறார்களா? பதிலுக்குக் கோபப்படும் முன், "ராத்திரி தூங்குனியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.