'சம்மதம்' என்ற சொல்லின் பின்னால் ஒளிந்தவர்கள்

சிறுவர்களுடன் வயதுவந்தவர்கள் பாலுறவு கொள்வதைக் குற்றமாகப் பார்க்கக் கூடாது என்று வெளிப்படையாகப் பிரசாரம் செய்த ஓர் அமைப்பு, பிரித்தானியாவில் பத்து வருடங்கள் இயங்கியது. திருகோணமலையிலிருந்து சிறுவர் பாதுகாப்புப் பற்றி எழுதிவரும் எனக்கு அது தூரத்துக் கதையாகத் தெரியவில்லை. அவர்கள் அன்று சொன்ன நியாயத்தை வேறு வார்த்தைகளில் இங்கும் கேட்கிறேன்.

'பீடோபைல் இன்ஃபர்மேஷன் எக்ஸ்சேஞ்ச்' என்ற அந்த அமைப்பு 1974இல் ஸ்கொட்லாந்தில் தொடங்கி, அடுத்த வருடம் லண்டனுக்கு மாறியது. பாலுறவுக்கான சம்மத வயதைச் சட்டத்திலிருந்து நீக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. 1975இல் குற்றவியல் சட்டத்தை மீளாய்வு செய்த குழுவுக்கு அதை எழுத்திலேயே சமர்ப்பித்தது. தாங்கள் ஒடுக்கப்பட்ட சிறுபான்மையினர் என்றார்கள். சிறுவர்களின் விடுதலைக்காகவே பேசுகிறோம் என்றார்கள். ஒருபாலீர்ப்பாளர்களின் உரிமைப் போராட்டம் வலுப்பெற்றுவந்த காலம் அது. அதன் நிழலில் தாங்களும் நின்றுகொள்ளப் பார்த்தார்கள். சிவில் சுதந்திரங்களுக்கான தேசியப் பேரவை என்ற மதிப்புமிக்க மனித உரிமை அமைப்பு 1983 வரை அவர்களைத் தன்னுடன் இணைத்து வைத்திருந்தது.

பொதுமக்களோ அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 1977இல் லண்டனில் நடந்த கூட்டத்துக்கு வந்தவர்கள் மீது அழுகிய பழங்கள் வீசப்பட்டன. 1978இல் சிறுவர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அமைப்பின் தலைவராக இருந்த டொம் ஓகரோல் 1981இல் சிறை சென்றார். 1984இல் அமைப்பு கலைந்தது.

ஆனால் செல்வாக்குள்ளவர்களுக்குச் சட்டம் மெதுவாகவே வந்தது. 1978இல் லண்டன் பஸ் ஒன்றில் கிடந்த பொதியொன்று, கனடாவுக்கான முன்னாள் உயர்ஸ்தானிகர் சேர் பீட்டர் ஹேமன் வரை பொலிஸாரைக் கொண்டுசென்றது. அவரும் அந்த அமைப்பின் உறுப்பினர். அவர்மீது வழக்குத் தொடரப்படவில்லை. 1981இல் ஜெஃப்ரி டிக்கன்ஸ் என்ற உறுப்பினர் பாராளுமன்றத்தில் அவரது பெயரைச் சொன்னார்.

பிற்காலத்தில் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இதே கருத்துடைய அமெரிக்க, டச்சு அமைப்புகளை 1994இல் ஒருபாலீர்ப்பாளர்களின் சர்வதேசச் சங்கமே வெளியேற்றியது. 1982இல் தொடங்கிய 'மார்ட்டின்' என்ற டச்சு அமைப்பின் மீதான தடையை 2014இல் நெதர்லாந்து உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே வருடம், சிவில் சுதந்திரப் பேரவையின் முன்னாள் பொதுச் செயலாளர் பட்ரிசியா ஹெவிட் மன்னிப்புக் கேட்டார்.

இந்த அமைப்புகள் எல்லாம் ஊன்றி நின்றது ஒரே வாதத்தில்: 'பிள்ளை சம்மதித்தால் என்ன தவறு?' அதற்கான பதிலை எங்கள் மக்களுக்குப் புத்தகம் வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆயுதம் வைத்திருப்பவர் முன்னால் நின்று 'ஓம்' என்று தலையாட்டிய அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. அந்த 'ஓம்' பயத்தில் வந்தது. பசியிலும் வரும், கடனிலும் வரும். மறுக்க முடியாத இடத்தில் நிற்பவரின் ஆம் என்ற சொல்லுக்குச் சம்மதம் என்று பெயரில்லை. பிள்ளை எப்போதும் அப்படியான இடத்தில்தான் நிற்கிறது.

ஹெயிட்டியில் அது நடந்தது. 2004 முதல் 2007 வரை அங்கு ஐ.நா. அமைதிப்படையில் இருந்த இலங்கைப் படையினர் சிலர், பசித்த பிள்ளைகளுக்கு உணவும் சில்லறையும் கொடுத்துப் பாலியல் ரீதியாகச் சுரண்டினர். 114 பேர் திருப்பியனுப்பப்பட்டனர். எவரும் சிறை செல்லவில்லை என்பதை 2017இல் அசோசியேட்டட் பிரஸ் வெளிக்கொண்டுவந்தது.

இலங்கையின் மேற்கு, தெற்குக் கடற்கரைகளில் வெளிநாட்டு ஆண்கள் சிறுவர்களைத் தேடி வந்த காலமும் உண்டு. 1991இல் 'பீஸ்' என்ற அமைப்பு அதற்கு எதிராகக் குரல் எழுப்பத் தொடங்கியது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் பெண்பிள்ளைகளின் சம்மத வயதை 12இலிருந்து 16ஆக உயர்த்தியது. ஆண்பிள்ளைகளையும் உள்ளடக்கும் வகையில் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகத்தைத் தனிக்குற்றமாக்கியது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவானது.

போர் முடிந்தபின் உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் உல்லாசப் பயணிகள் திரும்பி வந்தார்கள். வருமானம் வந்தது, நல்லது. ஆனால் ஆபத்து வெளிநாட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர், வீட்டுக்கு வந்துபோகிறவர், உதவி செய்தவர்தான். அப்பா இல்லாத வீடுகள் நிறைந்த எங்கள் ஊர்களில் உதவி செய்பவரை எதிர்த்துப் பேசுவது எளிதல்ல.

அதனால்தான் 'பிள்ளையும் விரும்பித்தானே போனது', 'காசு வாங்கினதுதானே', 'கலியாணம் செய்துவைத்து முடிப்பம்' போன்ற பேச்சுகள் எனக்குப் பயமூட்டுகின்றன. லண்டனில் ஓர் அமைப்பு கட்டிச் சொன்னதை இங்கே அமைப்பே இல்லாமல் நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர்களைத் தோற்கடித்தது கோபம் மட்டுமல்ல. பிள்ளையின் சம்மதம் என்ற கதையை நம்ப மறுத்ததும்தான்.

பிள்ளை ஒன்று வந்து சொன்னால் 'நீ ஏன் அங்கே போனாய்?' என்று கேட்காதீர்கள். சொன்னதை நம்புங்கள். ஊருக்குள் இணக்கம் பேசி முடிக்காதீர்கள். 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பணியகத்தில் முறையிடுங்கள். குடும்ப மானம் பிள்ளையின் வாயைப் பொத்தினால், அதனால் பாதுகாக்கப்படுபவர் குற்றவாளி மட்டுமே.