யாருடைய தீவு?

1840 பிப்ரவரி 3. கோபன்ஹேகன் ராயல் தியேட்டரில் 'முலாட்டன்' என்ற கவிதை நாடகம் அரங்கேறியது. எழுதியவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன்; குழந்தைக் கதைகளால் நமக்குத் தெரிந்த அதே ஆண்டர்சன். கதாநாயகன் ஹொரேஷியோ கலப்பினத்தவன், படித்தவன், கவிதை மனம் கொண்டவன். கடைசி அங்கத்தில் அவனை அடிமைச் சந்தையில் ஏலத்துக்கு நிறுத்துகிறார்கள். உயர்குடிப் பெண் ஒருத்தி அவனை மணக்க முன்வந்து மீட்கிறாள். நாடகம் பெரும் வெற்றி பெற்றது.

அந்தச் சந்தை இருப்பது மார்ட்டினிக்கில், அதாவது பிரெஞ்சுக்காரரின் தீவில். அன்றைக்கு டென்மார்க்கின் சொந்தத் தீவுகளான செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் குரோயில் அடிமைகள் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து ஏறக்குறைய ஒரு லட்சம் பேரை டேனிஷ் கப்பல்கள் ஏற்றிச் சென்றிருந்தன. 1803-இல் நடைமுறைக்கு வந்த தடை அந்தக் கடத்தலைத்தான் நிறுத்தியது. தோட்டத்தில் கிடந்தவர்களை விடுவிக்கவில்லை. ஆண்டர்சன் எடுத்தாண்ட பிரெஞ்சுக் கதை மார்ட்டினிக்கில் நடப்பது என்பது உண்மை. அதை செயின்ட் குரோய்க்கு நகர்த்த அவர் நினைத்திருந்தால் முடிந்திருக்கும்.

மார்ட்டினிக்கைச் சொல்லி செயின்ட் குரோயை நினைக்க வைப்பதை நம் அணியிலக்கணம் பிறிதுமொழிதல் என்று அடையாளம் காணும். திருக்குறளில் மயிற்பீலி ஏற்றிய வண்டியைச் சொன்னதும் படைபலத்தைப் புரிந்துகொள்கிறோமே, அதே வழி. ஒன்றைச் சொன்னால் கேட்பவர் மற்றொன்றைத் தாமே எட்டிப் பிடிக்க வேண்டும். பிடிக்க விரும்பாத அவைக்கு முன்னால் இந்த அணி திரையாகிவிடும். கண்ணீர் விட்டுவிட்டு, சொந்தத் தீவின் சர்க்கரையைக் காப்பியில் போட்டுக்கொள்ளலாம்.

பாரதி வேறு வழியில் போனார். 'கரும்புத் தோட்டத்திலே' பாட்டில் செக்குமாடும் வருகிறது, அழுகையைச் சுமக்கும் காற்றும் வருகிறது. ஆனால் பிஜித் தீவு என்று பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பாடினார். அங்கே துடித்தவர்கள் நம் பெண்கள் என்பதில் வாசகருக்கு ஒளிய இடமே வைக்கவில்லை. உவமை கூர்மையாவது அந்தப் பெயரால்தான் என்று நான் நினைக்கிறேன்.

செயின்ட் குரோய் அடிமைகள் கவிஞருக்காகக் காத்திருக்கவில்லை. 1848 ஜூலையில் அவர்கள் திரண்டு எழுந்தார்கள். ஜூலை 3 அன்று ஃபிரெட்ரிக்ஸ்டெட்டில் கவர்னர் பீட்டர் வான் ஷோல்டன் விடுதலையை அறிவிக்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டே ஒரு தொழிலாளர் சட்டம் வந்தது. ஆண்டு ஒப்பந்தம், தோட்டம் மாற விரும்பினால் அக்டோபர் 1-ஆம் தேதி மட்டும்தான் வழி. முப்பது வருடம் பொறுத்தார்கள். 1878-இல் அதே அக்டோபர் 1 அன்று தீ வைத்தார்கள். ஊரும் ஏராளமான தோட்டங்களும் எரிந்தன. முன்னின்ற பெண்களை மக்கள் ராணி என்று அழைத்தார்கள்: மேரி, ஆக்னஸ், மதில்டா. பிறகு அவர்களைக் கோபன்ஹேகன் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

மேரியைப் பற்றி தீவு மக்கள் கட்டிய பாட்டு இன்றும் பாடப்படுகிறது. கேள்வியும் பதிலுமாக நடக்கும் அந்தப் பாட்டில் தீ எதற்கும் உவமையில்லை. தீக்குச்சியும் எண்ணெயும் கைக்கு வரும் நிஜத் தீ. துன்பத்தைச் சித்திரிக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை; 'ராணி' என்ற ஒரே உருவகம் போதுமானதாக இருந்தது. ஒப்பந்தக் கூலிக்காரியை அரியணையில் ஏற்றும் அந்தச் சொல்லுக்கு முன் ஆண்டர்சனின் ஐந்து அங்கங்களும் எனக்கு மெலிந்து தெரிகின்றன.

2018-இல் அந்த உருவகத்துக்குச் சிலை எழுந்தது. ஜெனெட் ஏலர்ஸ், லா வான் பெல் என்ற இரு கலைஞர்கள் கோபன்ஹேகன் துறைமுகத்தில், தீவுச் சரக்கு வந்திறங்கிய பழைய மேற்கிந்தியக் கிடங்கின் முன் 'நான் ராணி மேரி' என்று நிறுத்தினார்கள். ஏழு மீட்டர் உயரம். அகன்ற சாய்மானமுள்ள நாற்காலியில் அவள் அமர்ந்திருந்தாள். ஒரு கையில் தீவட்டி, மறுகையில் கரும்பு வெட்டும் கத்தி. பீடத்தில் பதித்த பவளக் கற்கள் செயின்ட் குரோயிலிருந்து வந்தவை. கட்டடங்களின் அடித்தளத்துக்காக அடிமைகள் கடலிலிருந்து வெட்டியெடுத்த கற்கள் அவை.

டென்மார்க்கின் கப்பல்கள் வந்த கரை ஒன்று நம்மிடமும் உண்டு. டான்ஸ்போர்க் கோட்டை நிற்கும் தரங்கம்பாடியிலிருந்தும் மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)