ஆறடிக்கு ஓரங்குலம்

சென்னைப் பட்டணம் குடித்த தண்ணீரின் மீதே யுத்த விமானங்கள் வந்திறங்கின என்று சொன்னால், இன்றைய வாசகர் நம்பத் தயங்குவார். ஆயினும், 1942ஆம் ஆண்டு ஜூலை முதல், பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆம் அணி செங்குன்றத்து ஏரியையே தளமாகக் கொண்டு, காட்டலினா என்னும் பறக்கும் படகுகளை வங்கக் கடலின் மேல் ரோந்துக்கு அனுப்பி வந்தது சரித்திரம். அந்தக் காட்டலினாவைத்தான், எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில், ரெசின் வார்ப்புகளைக் கொண்டு, தென்பெண்ணைக் கரையில் உள்ள மணலூர்பேட்டையில் உட்கார்ந்து கட்டினேன். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவில் அண்ணாமலையார் தீர்த்தவாரி கண்டருளும் ஊர் இது. தண்ணீரைவிட மணலையே அதிகம் காட்டும் ஆற்றங்கரையில் கடல் விமானம் எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம், அது காவல் காத்தது நம் கரையைத்தான் என்பதே என் பதில்.

1942 ஏப்ரல் 4ஆம் தேதி, இலங்கையின் தென்கோடியில் உள்ள கொக்கலை ஏரியிலிருந்து கிளம்பிய கனடிய விமானப்படையின் 413ஆம் அணிக் காட்டலினா ஒன்று, லியனார்ட் பர்ச்சல் என்னும் அதிகாரியின் தலைமையில், தீவுக்குத் தெற்கே நடுச்சமுத்திரத்தில் அட்மிரல் நகுமோவின் ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டது. கண்டதைக் கம்பியில்லாத் தந்தியில் அறிவித்துக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த ஒன்பது பேரில் உயிர் தப்பிய ஆறு பேரும் சிறைப்பட்டனர். ஆனால், மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டபோது, அந்த எச்சரிக்கை முன்னரே போய்ச் சேர்ந்திருந்தது. 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. அதே மாதத்தில் சென்னையில் சர்க்கார் காரியாலயங்கள் உள்நாட்டுக்குப் பெயர, ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ரயிலேறினர். இரவு பகலாக ஆகாயத்திலேயே தங்கிச் சமுத்திரத்தைப் பார்த்திருக்கக்கூடிய விமானம் எத்துணை அவசியமென்பது அப்போது எல்லோருக்கும் விளங்கிற்று. அது நெடுநேரம் பறக்கும் ஆற்றலுக்கு வேறு சாட்சியும் உண்டு: 1943 முதல் குவாண்டாஸ் நிறுவனத்தின் காட்டலினாக்கள் கொக்கலைக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இடையே, ஒரே பிரயாணத்தில் இரண்டு சூரியோதயங்களைக் காணும்படி, எங்கும் இறங்காமல் பறந்தன.

இத்தகைய விமானத்தைச் சுருக்கும் பிரமாணம் நம் ஊர்க் கணக்குக்கு மிக இசைவானது: ஆறடி மனிதன் ஓரங்குலம் ஆகிறான், 104 அடி இறக்கை 17 அங்குலத்துக்குச் சற்று மேலாகிறது. ரெசின் என்பது சிலிக்கோன் ரப்பர் அச்சில் ஊற்றி உறையவிடும் திரவமாதலின், ஒவ்வொரு பாகமும் ஊற்றுவாயின் கட்டையோடு ஒட்டியே வருகிறது. முதலில் வார்ப்புகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப் பசையைப் போக்க வேண்டும்; இல்லையேல் வர்ணம் பிடிக்காது. பிறகு கட்டைகளை மெல்லிய ரம்பத்தால் அறுக்க வேண்டும். தச்சுவேலை செய்யும் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு துண்டை வாங்கி உரசிப் பார்த்துவிட்டு, "மரம்னா நாரோட்டம் பார்த்து இழைக்கலாம், இதுக்கு நாரே இல்லையே தம்பி, எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒண்ணுதானா?" என்றார். ஒன்றுதான், ஆனால் பறக்கும் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்பதால், முகத்தை மூடிக்கொண்டு, நீர் உப்புத்தாளை நனைத்தே தேய்க்க வேண்டும்.

கோணிப்போன இறக்கையை வெந்நீரில் அமிழ்த்தி, இளகியதும் நிமிர்த்தி, கண்ணாடிப் பலகையின் மேல் ஆறவைத்தேன். பிளாஸ்டிக்கை ஒட்டும் பசை ரெசினைப் பற்றாது. ஃபெவி குவிக்கோ அரால்டைட்டோதான் வேண்டும். அதிலும் காட்டலினாவின் இறக்கை, உடலின் மேல் நிற்கும் ஒரே தூணின் மீது அமர்ந்திருப்பதாகையால், அந்தப் பாரத்தைப் பசையை மட்டும் நம்பி விடலாகாது. இரு பக்கமும் துளையிட்டுப் பித்தளைக் கம்பியைச் செருகினேன். காற்றுக் குமிழிகள் விட்ட ஊசித்துளைகளுக்குப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்ததும், அதுவரை கண்ணுக்குத் தப்பிய துளைகளெல்லாம் பிரத்தியட்சமாயின. மறுபடியும் பட்டி, மறுபடியும் தேய்ப்பு.

வர்ணத்துக்கு வந்தபோதுதான் விஷயத்தின் சாரம் புலப்பட்டது. மேற்புறத்துக்குக் கடல்நிறத்தோடு கலக்கும் இருவகைச் சாம்பல் என்பது வரையில் சிக்கலில்லை. ஆனால், விமானப்படையின் வட்டச் சின்னத்தை ஒட்டப்போனவுடன், எந்த வருஷத்து விமானம் என்ற கேள்வி எழுகிறது. பர்ச்சலின் காலத்தில் அவ்வட்டத்தின் நடுவில் சிவப்பு இருந்தது. ஜப்பானியரின் செஞ்சூரியன் என்று எண்ணி நம்மவரே நம்மவரைச் சுட்டுவிடலாகாது என்பதற்காக, பிறகு இப்பிரதேசத்தில் அந்தச் சிவப்பை நீக்கி, நீலமும் வெள்ளையுமாக மாற்றினார்கள். ஆகவே, நகக்கண் அளவுள்ள ஒரு புள்ளியைச் சிவப்பாக்குவதா, வெள்ளையாக்குவதா என்பதில், கொக்கலையா செங்குன்றமா, 1942ஆ 1943ஆ என்னும் சரித்திர நிர்ணயமே அடங்கிவிடுகிறது.

நான் 1943ஆம் ஆண்டுச் செங்குன்றத்தைத் தேர்ந்தேன்; வட்டம் நீலமும் வெள்ளையுமாயிற்று. புத்தகம் படிப்பவன் தேதியைத் தாண்டிப் போய்விடலாம். மாதிரி செய்பவனுக்கு அந்தச் சலுகை இல்லை. இக்கலையில் புதிதாக இறங்குவோருக்கு நான் சொல்லத்தக்க யோசனையும் அதுவே: முதலில் ஓர் ஊரையும் ஒரு நாளையும் தீர்மானித்துக்கொள்ளுங்கள், வர்ணப் புட்டிகளை அதற்கு அப்புறம் வாங்கலாம்.