சாக்கடலில் சாய்ந்து மிதக்க

ஜோர்டான் பயணத்தில் பெட்ரா, வாடி ரம் என்று வெயிலில் நடந்து ஓய்ந்தவர்கள், கடைசி இரண்டு நாளைச் சாக்கடல் கரை ரிசார்ட் ஒன்றில் கழிப்பதுதான் நல்லது, நேயர்களே. கடல்மட்டத்துக்குச் சுமார் 430 மீட்டர் கீழே கிடக்கும் உப்பு ஏரி இது. யோர்தான் ஆறு வந்து சேர்கிறது, வெளியேற வழியில்லை. வெயிலில் நீர் ஆவியாகிவிட, உப்பு தங்கிவிடுகிறது. கடல்நீரைவிட ஏறத்தாழ 10 மடங்கு உப்பு!

இறங்கியதும் நீச்சலடிக்கப் பார்க்காதீர்கள். இடுப்பளவு நீரில் நின்று, நாற்காலியில் உட்காருவதுபோல் மெல்லப் பின்னால் சாயுங்கள். கால்கள் தாமாக மேலே வந்துவிடும். ஓரிரு நாள் முன்பே சவரத்தை நிறுத்திவிடுங்கள்; சின்னக் கீறல்கூடத் தீயாய் எரியும். கண்ணில் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கால் மணி நேரம் மிதந்தால் போதும். பிறகு கரையில் கிடைக்கும் கருஞ்சேற்றை உடம்பெல்லாம் பூசி, காய்ந்ததும் கழுவிப் பாருங்கள், தோல் வழுவழுவென்று இருக்கும்.

வருத்தமான செய்தியும் உண்டு. ஆற்றுநீரைப் பாசனத்துக்கும் குடிநீருக்கும் திருப்பிவிட்டதாலும், பொட்டாஷ் எடுக்க ஏரிநீரை ஆவியாக்குவதாலும் நீர்மட்டம் ஆண்டுக்குச் சுமார் 1 மீட்டர் இறங்கி வருகிறது.